வாட்டம் தெரியும் உயர மாதிரி: நகரச் சாலைகளுக்கும் தரைக்கும் டிஇஎம் செய்யும் முறை

7 மீட்டர் அகலத் தார்ச்சாலையை எடுத்துக்கொள்வோம். நடு முதுகு உயர்ந்து இரு ஓரமும் தாழ்ந்தது. குறுக்கு வாட்டம், அதாவது அகலவாக்கில் உள்ள சரிவு, 2.5 சதவீதம். முதுகிலிருந்து ஓரத்துக்கு 3.5 மீட்டர் தூரம், அதில் இறக்கம் 9 செ.மீ.கூட வராது. ஓரத்தில் நடைபாதையின் விளிம்பாக நிற்கும் கெர்ப் கல் 10 முதல் 15 செ.மீ. உயரம். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும், யார் வாசலுக்குள் ஏறும் என்பதெல்லாம் இந்த 15 செ.மீ.க்குள் முடிவாகிவிடும். டிஇஎம் என்பது தரையின் உயரத்தை இடத்துக்கு இடம் எண்ணாகக் காட்டும் உயர மாதிரி. நகரச் சாலைக்கான உயர மாதிரியில் செய்யும் ஒவ்வொரு தேர்வையும், வாட்டம் தவறில்லாமல் வருமா என்ற ஒரே கேள்வியால் உரசிப் பாருங்கள்.

இலவசமாகக் கிடைக்கும் உலகளாவிய தரவுகள் அந்த உரசலில் நிற்காது. எஸ்ஆர்டிஎம் என்ற தரவு 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்தது. 30 மீட்டர் பிக்சல், உயரம் முழு மீட்டர்களில். ஐரோப்பாவின் கோப்பர்னிகஸ் 30 மீட்டர் மாதிரி அதைவிட நல்லது என்றாலும் அதிலும் கட்டடக் கூரையும் மரத்தலையும் கலந்தே இருக்கும். ஒரு பிக்சலுக்குள் சாலை, நடைபாதை, இரண்டு மூன்று வீடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாகிவிடும். ஆற்றுப் படுகை அளவில் பார்க்க, நகருக்கு வெளியே இருக்கும் மேட்டுநிலத்தின் போக்கை அறிய இவை போதும். சாலைக்கு நீங்களே அளந்தாக வேண்டும்.

எந்த மாதிரி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

டிஎஸ்எம் என்பது மேலிருந்து பார்த்தால் தெரியும் மேற்பரப்பு: கூரை, மரம், நிற்கும் லாரி எல்லாம் அதில் அடங்கும். டிடிஎம் என்பது இவற்றை உரித்தெடுத்த வெறுந்தரை. டிஇஎம் என்ற சொல் இரண்டுக்கும் பொதுவாகப் புழங்குகிறது. யாராவது டிஇஎம் கொடுத்தால் அது எது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வடிகால், சாலை வேலைகளுக்கு வேண்டியது டிடிஎம், அதிலும் கெர்ப் கோடுகள் உள்ளடங்கிய டிடிஎம்.

உயரம் எதிலிருந்து?

இந்த வேலையில் மிக அதிகமாக நடக்கும் தவறு இங்கேதான். செயற்கைக்கோள் மூலம் இடம் காணும் ஜிஎன்எஸ்எஸ் கருவி தருவது நீள்வட்டத்திலிருந்து, அதாவது பூமிக்கு ஈடாகக் கணிதத்தில் வைத்த வழவழப்பான உருவத்திலிருந்து உயரம். தண்ணீர் ஓடுவதோ ஜியாய்டைப் பொறுத்தது; ஈர்ப்பு விசைக்கேற்பச் சராசரிக் கடல் மட்டத்தை நிலத்துக்கு அடியிலும் நீட்டினால் வரும் பரப்பு அது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் உலகில் இடத்துக்கு இடம் மாறும். சுமார் மைனஸ் 106 மீட்டரிலிருந்து பிளஸ் 85 மீட்டர் வரை போகும். கணக்கு எளிது: கருவி காட்டும் உயரத்திலிருந்து அந்த இடத்தின் ஜியாய்டு மதிப்பைக் கழித்தால் நமக்கு வேண்டிய உயரம் வரும்.

ட்ரோன் படங்களில் ஒரு உயரம், தரையில் துல்லியமாக அளந்து வைத்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளில் இன்னொன்று, லேசர் கதிரால் அளக்கும் லைடாரில் மூன்றாவது என்று கலந்துவிட்டால் மாதிரி பல மீட்டர் தூக்கி நிற்கும். அவ்வளவு பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும். ஆபத்தானது சின்னப் பிழை: ஒருவர் இஜிஎம்96, மற்றவர் இஜிஎம்2008 என்று வெவ்வேறு ஜியாய்டு மாதிரியைப் பயன்படுத்தியிருந்தால் வித்தியாசம் சில டெசிமீட்டர்கள்தான் வரலாம். அது கெர்ப் உயரத்தையே விழுங்கிவிடும், பார்வைக்கு எதுவும் தெரியாது. அருகிலுள்ள பெஞ்ச் மார்க் (உயரம் ஏற்கெனவே தெரிந்த நிலையான குறி) ஒன்றில் கருவியை வைத்துச் சரிபார்த்த பிறகே மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

கட்டுப்பாட்டுப் புள்ளிகள்

நிலையான இன்னொரு கருவியின் திருத்தத்தை உடனுக்குடன் வாங்கும் ஜிஎன்எஸ்எஸ் முறையான ஆர்டிகே, திறந்த வெளியில் உயரத்தில் 2 முதல் 3 செ.மீ. பிழையோடு தரும். இது போதுமா? நீள்வாட்டம் 0.3 சதவீதமுள்ள சாலையில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகள் எடுத்தால் உண்மையான வித்தியாசம் 3 செ.மீ. இரண்டு அளவிலும் தலா 2 செ.மீ. பிழை இருந்தால் வித்தியாசத்தில் பிழை 2.8 செ.மீ. ஆகிறது. சரிவு எந்தப் பக்கம் என்பதே திரும்பிப் போகலாம். சமதளமான நகரத்தில் உயரத்தை மட்டும் லெவல் கருவியும் ஸ்டாஃபும் (அளவு குறித்த கோல்) வைத்து எடுப்பதுதான் சரி. புறப்பட்ட பெஞ்ச் மார்க்குக்கே திரும்பி வந்து லெவலை மூடுங்கள். மூடும் பிழை, 12 மி.மீ. பெருக்கல் கிலோமீட்டரின் வர்க்கமூலம் என்ற வரம்புக்குள் வர வேண்டும், 2 கி.மீ. சுற்றுக்கு அது 17 மி.மீ. மீறினால் பிழையைப் புள்ளிகளுக்குப் பங்கிட்டுச் சமாளிக்காதீர்கள், மறுபடி எடுங்கள்.

ஆர்டிகே கம்பியில் ரசமட்டக் குமிழி கொஞ்சம் விலகினால் என்ன ஆகும் என்று பலர் கவலைப்படுவார்கள். 2 மீட்டர் கம்பி 2 டிகிரி சாய்ந்தால் இடம் 7 செ.மீ. தள்ளிப் போகும், உயரம் 1 மி.மீ.க்குச் சற்று மேல்தான் மாறும். திறந்த தரையில் இது பரவாயில்லை. கெர்ப் விளிம்பில் அந்த 7 செ.மீ. மேல் புள்ளியைக் கீழ்ப் புள்ளியாக்கிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, கம்பியை 1.8 மீட்டருக்கு இறக்கிவிட்டு கருவியில் 2 மீட்டர் என்றே விட்டுவிடுவது. அந்த நாள் அளவெல்லாம் 20 செ.மீ. தாழ்ந்துவிடும்.

கட்டுப்பாட்டுப் புள்ளிகளைச் சாலையின் ஒரே ஓரத்தில் வரிசையாக வைக்காதீர்கள். எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால் மாதிரி அந்தக் கோட்டை அச்சாக வைத்துச் சுழல இடம் இருக்கிறது. 0.3 டிகிரி சுழன்றாலே 2.5 சதவீத வாட்டம் ஒரு பக்கம் 2 ஆகவும் மறு பக்கம் 3 ஆகவும் மாறிவிடும். இடது, வலது என்று மாற்றி மாற்றி, 100 முதல் 150 மீட்டருக்கு ஒன்றாக, சாலையின் இரு முனையிலும் இரண்டிரண்டாக வையுங்கள். மாதிரியைக் கடைசியில் சரிபார்க்க உதவும் சோதனைப் புள்ளிகளைத் தனியாக எடுத்து, கணக்கீட்டில் சேர்க்காமல் ஒதுக்கி வையுங்கள். இவை சாந்து, தார் போன்ற கெட்டித் தரையில் இருக்க வேண்டும். அமெரிக்க ஒளிப்பட அளவியல் சங்கமான ஏஎஸ்பிஆர்எஸ் 2023ல் வெளியிட்ட தரநிலை குறைந்தது 30 கேட்கிறது.

தரவு எடுத்தல்

ட்ரோனில் ஒரு பிக்சல் தரையில் எவ்வளவு என்பதற்குக் கணக்கு: சென்சார் பிக்சல் அளவைப் பறக்கும் உயரத்தால் பெருக்கி லென்ஸின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். 2.4 மைக்ரான் பிக்சல், 8.8 மி.மீ. லென்ஸ், 75 மீட்டர் உயரம் என்றால் விடை 2 செ.மீ. வரும். உயரத்தில் வரும் பிழை பொதுவாக இதன் ஒன்றரை முதல் மூன்று மடங்கு, அதாவது 3 முதல் 6 செ.மீ. இருக்கும். கெர்ப் தெரியும், குறுக்கு வாட்டம் சராசரியில்தான் தெரியும். முன்பின் 80 சதவீதமும் பக்கவாட்டில் 70 சதவீதமும் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். எல்லாப் படமும் நேர்கீழாக, எல்லாக் கோடும் இணையாக இருந்தால் மாதிரி நடுவில் குவிந்தோ குழிந்தோ வரும். லென்ஸ் விலகலை மென்பொருள் தவறாக ஊகிப்பதால் வரும் கோளாறு இது. சாய்வாக எடுத்த ஒரு சுற்றுப் படங்களும் நடுப்பகுதியில் கட்டுப்பாட்டுப் புள்ளிகளும் இருந்தால் அடங்கிவிடும்.

ஓடும் வண்டிகள் சாலையில் பொய் மேடுகளை உண்டாக்கும். அதிகாலையில், போக்குவரத்து குறைந்த நேரத்தில், தரை உலர்ந்திருக்கும்போது எடுங்கள். புதிதாகப் போட்ட கருந்தாரில் அடையாளம் எதுவும் இல்லாததால் படப் பொருத்தம் திணறி, பரப்பு பொரிபொரியாக வரும். ட்ரோன் பறக்க அனுமதி தேவைப்படும் இடங்களில் அதை முன்பே வாங்கிவிடுங்கள்.

லைடார் மரத்தடியையும் ஓரளவு பார்க்கும். சதுர மீட்டருக்கு 8 புள்ளி என்றால் புள்ளிகளுக்கு இடையே சராசரி 35 செ.மீ. தூரம், கெர்ப் எங்கோ இருக்கிறது என்று தெரியும், விளிம்பு எங்கே என்று தெரியாது. தேங்கிய நீர் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் அங்கே ஓட்டை விழும். வாகனத்தில் பொருத்திய லைடார் சாலைக்கு மிகப் பொருத்தம், கெர்ப்பைக் கத்தியால் வெட்டியது போலக் காட்டும். ஆனால் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே செயற்கைக்கோள் சைகை அறுந்து, பாதை மெல்ல நழுவும். ஒரே தெருவைப் போகும்போதும் வரும்போதும் எடுத்த இரண்டு ஓட்டங்களின் உயரத்தைக் கழித்துப் பாருங்கள், நழுவல் உடனே தெரிந்துவிடும். சரிசெய்ய, சாலையில் பெயின்ட் அடையாளமிட்டு லெவல் எடுத்த புள்ளிகள் வேண்டும். நிறுத்தியிருக்கும் கார்களுக்குப் பின்னால் இருக்கும் ஓரத்தை அதுவும் பார்க்காது. அந்த இடைவெளிகளை நடந்து போய் லெவல் எடுத்து நிரப்ப வேண்டும்.

புள்ளி மேகத்தைச் சுத்தம் செய்தல்

லைடாரோ ட்ரோன் படங்களோ தரும் லட்சக்கணக்கான உயரப் புள்ளிகளின் தொகுப்பே புள்ளி மேகம். அதில் தரைக்குக் கீழே விழுந்த பொய்ப் புள்ளிகளை முதலில் எடுத்துவிடுங்கள். கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பிய கதிர்கள் நீண்ட பாதையாகப் பதிவாகி, தரைக்குள் புதைந்த புள்ளிகளாக வரும். தரை வடிகட்டிகள் பெரும்பாலும் மிகத் தாழ்ந்த புள்ளியைத் தரை என்று நம்புவதால், ஒரே ஒரு பொய்ப் புள்ளி அதைச் சுற்றியுள்ள நல்ல தரையைத் தள்ளிவிட்டுப் பள்ளம் தோண்டிவிடும். பிடால் என்ற இலவச மென்பொருளில் உள்ள புள்ளியியல் வடிகட்டியை 8 அண்டைப் புள்ளிகள், பெருக்கி 2 என்று வைத்துத் தொடங்கலாம்.

அடுத்து தரையைப் பிரிப்பது. எஸ்எம்ஆர்எஃப், சிஎஸ்எஃப் என்ற இரண்டு தரை வடிகட்டிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன; இரண்டும் பிடாலில் உண்டு, சிஎஸ்எஃப் கிளவுட்கம்பேர் என்ற மென்பொருளிலும் இருக்கிறது. சிஎஸ்எஃப், புள்ளி மேகத்தைத் தலைகீழாக்கி மேலே ஒரு துணியை விரித்தால் எப்படிப் படியும் என்று பார்க்கிறது. சமதள நகரத்துக்குத் துணியின் விறைப்பை 3 என்று வையுங்கள். எஸ்எம்ஆர்எஃப்பில் ஜன்னல் அளவுதான், அதாவது ஒரே நேரத்தில் பார்க்கும் பரப்பின் அளவுதான் முக்கியம். பிடாலின் இயல்பு மதிப்பு 18 மீட்டர். பெரிய வணிக வளாகமோ கிடங்கோ இருந்தால் அதன் நடுக்கூரை தரையாகத் தங்கிவிடும். அங்கே ஜன்னலைப் பெரிதாக்குங்கள், ஆனால் நகரம் முழுக்க அல்ல. பெரிய ஜன்னல் சாலை ஏற்றக் கரைகளையும் மேட்டு விளிம்புகளையும் சீவிவிடும். உயர வரம்பு இயல்பாக 0.5 மீட்டர், அதில் காரின் கீழ்ப்பகுதியும் செடிகொடியும் உள்ளே வந்துவிடும். சாலைப் பகுதிக்கு மட்டும் 0.2 மீட்டர் வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் கெர்ப்பின் மேல்விளிம்பு உதிர ஆரம்பிக்கும்.

500 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து ஓட்டும்போது ஒவ்வொரு துண்டுக்கும் சுற்றிலும் 30 மீட்டர் கூடுதல் ஓரம் சேர்த்து, முடிந்தபின் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் துண்டு எல்லையில் தையல் தெரியும். புள்ளி மேகக் கோப்பு வடிவமான லாஸின் வகைப்பாட்டு எண்களில் தரை 2, கட்டடம் 6, தாழ்ந்த இரைச்சல் 7, நீர் 9, சாலைப் பரப்பு 11, பாலத் தளம் 17. பாலத்தை 17ல் வைப்பதைத் தவிர்க்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

பிரேக்லைன்: வேலையின் உயிர்நாடி

1 மீட்டர் பிக்சலில் 15 செ.மீ. கெர்ப் ஒரு சாய்தளமாகிவிடும். நிஜத்தில் செங்குத்தாக நின்று தண்ணீரைத் தடுக்கும் கல், மாதிரியில் நடைபாதைக்கு ஏறும் சரிவாகத் தெரியும். எவ்வளவு அடர்த்தியான புள்ளிகள் இருந்தாலும், சரிவு உடையும் இடத்தில் பிரேக்லைன் என்ற கோடு வரைந்து, புள்ளிகளை இணைத்து உருவாகும் வலையின் முக்கோணங்கள் அந்தக் கோட்டைத் தாண்டாதபடி கட்டாயப்படுத்தினால்தான் இது தீரும்.

ஒவ்வொரு சாலைக்கும் முதுகுக் கோடு ஒன்று, இருபுறமும் கெர்ப்பின் அடிக்கோடு, கெர்ப்பின் மேல்கோடு, நடைபாதையின் பின்விளிம்பு: மொத்தம் ஏழு. நேர்ச்சாலையில் 10 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு, வளைவிலும் சந்திப்பிலும் 5 மீட்டருக்கு ஒன்று. கெர்ப் அடியும் மேலும் ஒரே இடத்தில் இருப்பதால் முக்கோண வலை குழம்பும். ஒரே இடத்துக்கு இரண்டு உயரம் அதற்குத் தெரியாது. மேல்கோட்டை நடைபாதைப் பக்கம் 2 முதல் 5 செ.மீ. தள்ளி வரையுங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டவே கூடாது.

வண்டி ஏறுவதற்காகக் கெர்ப் தாழ்த்தப்பட்ட வாசல்களை விட்டுவிடாதீர்கள். தெருத் தண்ணீர் வளாகத்துக்குள் நுழைவது அங்கேதான். இறக்கத் தொடக்கம், தாழ்ந்த பகுதியின் இரு முனைகள், மறுபடி ஏறி முடியும் இடம் என்று மேல்கோட்டில் நான்கு புள்ளிகளாவது வேண்டும். வேகத்தடையும் அப்படித்தான், 10 செ.மீ. மேடு ஓரத்திலிருந்து ஓரம் வரை போனால் ஓரத்து ஓட்டத்துக்கு அணை. மழைநீர் உள்வாய்க் கம்பிச் சட்டங்கள், மேன்ஹோல் மூடிகளுக்குத் தனிப் புள்ளி போதும்.

நாற்சந்தியில் முதுகுக் கோடுகள் ஒன்றோடொன்று சேரும் இடம் சிக்கலானது. கோடுகளை மட்டும் நம்பினால் தட்டையான முக்கோணங்கள் உண்டாகி, இல்லாத குட்டைகள் முளைக்கும். சந்திப்பு முழுக்க 2 முதல் 3 மீட்டர் கட்டத்தில் லெவல் எடுத்துவிடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் குறுக்குவழி கிடையாது.

ராஸ்டராக்குதல், ஒட்டுதல்

முக்கோண வலையிலிருந்து நேரடியாக ராஸ்டர் (பிக்சல் கட்டம்) செய்யுங்கள். தூர எடையிடும் ஐடிடபிள்யூ முறை பிரேக்லைனை மதிக்காது, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் கொப்புளம் விட்டு வைக்கும். சாலைக்கு 25 செ.மீ. பிக்சல் நல்ல நடுநிலை. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1.6 கோடி பிக்சல், 32 பிட் மிதவையில் (தசம எண்களாக) சுமார் 64 எம்பி. 10 செ.மீ. என்றால் 400 எம்பி. முழு எண்ணில் சேமிக்கவே கூடாது, படிக்கட்டு விழும். தரவில்லாத இடத்துக்கு மைனஸ் 9999 என்று கோப்பிலேயே அறிவித்துவிடுங்கள். 0 என்று வைத்தால் கடல் மட்டத்துக்கு இறங்கும் கிணறுகள் தோன்றும். ராஸ்டரின் பிக்சல் அளவை மாற்றும்போது அண்மைப் பிக்சல் முறையை விட்டு இருநேரியல் முறையை எடுங்கள்; இல்லாவிட்டால் மேடு பள்ளத்தை வெயில் நிழலாகக் காட்டும் நிழல் படத்தில் துணி நெய்தது போல வரி வரியாக வரும்.

சாலை மாதிரியை நடைபாதைப் பின்விளிம்பில் வெட்டி, வெளியே லைடார் தரையோடு சேருங்கள். சேரும் கோட்டில் இரண்டின் வித்தியாசத்தை முதலில் பாருங்கள். 10 செ.மீ.க்குள் இருந்தால் 2 முதல் 5 மீட்டர் அகலத்தில் படிப்படியாகக் கலக்கலாம். அதிகமாக இருந்தால் கலக்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்: ஜியாய்டு, கம்பி உயரம், அல்லது லைடார் எடுத்தபின் போட்ட புதுத் தார் அடுக்கு.

தண்ணீர் ஓடும்படி ஆக்குதல்

மேம்பாலத்தைத் தரையிலிருந்து நீக்குங்கள், இல்லாவிட்டால் அது கீழே போகும் சாலைக்குக் குறுக்கே சுவராக நிற்கும். பாலத்தின் உயரத்தைத் தனி அடுக்காக வையுங்கள். சாலைக்குக் கீழே ஓடும் கல்வெர்ட்டுகளுக்கு (சிறு நீர்வழிகளுக்கு) இரு வாயிலும் அடிமட்டம் அளந்து, அந்தக் கோட்டில் ராஸ்டரை வெட்டி இறக்குங்கள். சுரங்கப்பாதையின் தரையை வானிலிருந்து யாரும் பார்க்க முடியாது. உள்ளே போய், கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியில் எடுக்க வேண்டும்.

மென்பொருளில் பள்ளம் நிரப்பும் கட்டளையை எடுத்த எடுப்பில் ஓட்டாதீர்கள். சுரங்கப்பாதையும் தெருவின் தாழ்ந்த இடமும் உண்மையான பள்ளங்கள். அவற்றை நிரப்பினால் வெள்ளம் தேங்கும் இடமே மாதிரியில் இருக்காது. வைட்பாக்ஸ் டூல்ஸ் என்ற மென்பொருளில் உள்ள குறைந்த செலவு வெட்டுமுறை, தடையை மெல்லிய கோடாக வெட்டி வழிவிடும். நிரப்புவதை விட அது தரையைக் குறைவாகவே மாற்றும். அதற்கும் ஆழ வரம்பு கொடுத்து, உண்மைப் பள்ளங்களைப் பட்டியலிட்டு விலக்குங்கள்.

சரிபார்த்தல்

ஒதுக்கி வைத்த சோதனைப் புள்ளிகளில் மாதிரியிலிருந்து அளவைக் கழியுங்கள். முதல் ஐந்து வித்தியாசம் +3, −2, +5, +1, −4 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் சராசரி 0.6, ஆர்எம்எஸ் பிழை (வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம்) 3.3 செ.மீ. இது சிதறிய பிழை, ஏற்றுக்கொள்ளலாம். இன்னொரு தெருவில் +8, +7, +9, +8, +8 வருகிறது என்றால் ஆர்எம்எஸ் 8 செ.மீ., சராசரியும் 8. இங்கே வடிவம் சரி, தளம் மட்டும் தூக்கியிருக்கிறது. வாட்டத்தில் தவறில்லை, காரணத்தைக் கண்டுபிடித்து மொத்தமாக இறக்கினால் போதும். அதனால் ஆர்எம்எஸ்ஸை மட்டும் பார்த்து மாதிரியைத் தள்ளவோ கொள்ளவோ வேண்டாம், சராசரியையும் சேர்த்துப் பாருங்கள்.

கண்ணால் பார்க்க நிழல் படத்தைவிட 5 செ.மீ. சமஉயரக் கோடுகள் அதிகம் பேசும். நீள்வாட்டம் 1 சதவீதம், முதுகிலிருந்து ஓரத்துக்கு இறக்கம் 8.75 செ.மீ. என்றால், முதுகில் இருக்கும் கோடு ஓரத்துக்கு வரும்போது 8.75 மீட்டர் மேட்டுப் பக்கம் பின்வாங்க வேண்டும். அதாவது கோடுகள் இறக்கத்தைப் பார்த்த அம்பு முனைகளாக வரிசையாக நிற்கும். பின்பு 15 செ.மீ. கெர்ப்பை ஒட்டிக்கொண்டே 15 மீட்டர் இறக்கத்தை நோக்கிப் போய் நடைபாதைமேல் ஏறும். அம்பு ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால் மாதிரி சுழன்றிருக்கலாம், அல்லது சாலையே அப்படிப் போடப்பட்டிருக்கலாம். லெவல் கருவியோடு போய் ஒரு குறுக்குவெட்டு எடுத்தால் தெரிந்துவிடும். கெர்ப்பில் ஒட்டிப் போகாமல் கோடு குறுக்காகக் கடந்தால் அங்கே பிரேக்லைன் விட்டுப்போயிருக்கிறது. வட்ட வட்டமாக மூடிய கோடுகள் வந்தால் அந்த இடத்துக் காரோ மேன்ஹோலோ பொய்ப் புள்ளியோ என்று படத்தோடு ஒப்பிடுங்கள்.

கோப்போடு ஒரு பக்கக் குறிப்பு கட்டாயம் போக வேண்டும்: கிடைமட்ட ஆள்கூற்று முறை, உயரத் தளம், ஜியாய்டு மாதிரியின் பெயர், பிக்சல் அளவு, சோதனைப் புள்ளிகளின் எண்ணிக்கையும் பிழையும், வெட்டிய கல்வெர்ட்டுகளும் நீக்கிய பாலங்களும், ஒவ்வொரு தெருவும் அளக்கப்பட்ட தேதி. தேதி தெருவாரியாக வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே 5 செ.மீ. அடுக்கு போட்டால் கெர்ப்பின் உயரம் 15லிருந்து 10 ஆகிவிடும். அன்றிலிருந்து அந்தத் தெருவின் பகுதி பழையது, அதை மட்டும் மறுபடி அளந்து மாற்ற வேண்டும்.